பின்னால நடக்கிற ஊரும் கயிறு ஏத்தாத கப்பலும்

இந்தக் கதை எனக்கு நேரா வந்ததில்ல. ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில்காரி ஜெயசெல்வி சொன்னா; அவளுக்கு அவ சித்தி சொன்னாளாம். நடுவுல ஏதாவது விட்டுப்போயிருந்தா அது என் தப்பு, கதை மேல தப்பில்ல.

ஒரு காலத்துல, காயல் ஓரமா மட்டைக்கரைன்னு ஒரு ஊர் இருந்துச்சு. அந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே வேலைதான். தேங்காய் மட்டையைக் காயல் தண்ணியில ஊறப்போட்டு, அடிச்சு, நார் எடுத்து, கயிறு திரிக்கிறது. ஒருத்தர் ராட்டைச் சுத்தணும், ரெண்டு பேர் மடியில நாரைக் கட்டிக்கிட்டு, ராட்டைப் பார்த்தபடியே பின்னால பின்னால நடக்கணும். பாதியில கையை விட்டா முறுக்கு பிரிஞ்சிரும். அதனால இடியே விழுந்தாலும் கயிறு முடியற வரைக்கும் யாரும் நிக்க மாட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அங்க ஆவுடைன்னு ஒருத்தி, அவ புருஷன் இசக்கி, ஆறு வயசு மக கன்னி. ஊர்ல கயிறு மலையா குவிஞ்சு கிடக்கு, வாங்க ஆளில்ல. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவுல கப்பல் கட்டுறாங்க, அவங்களுக்குக் கயிறு எவ்வளவு இருந்தாலும் போதல. நடுவுல போய் வர்றது ஒரே கப்பல், பூதலிங்கத்தோட கப்பல்.

ஆவுடை போய், "மொதலாளி, கயிறை ஏத்திக்கிடுங்க"ன்னா.

"கயிறை ஏத்த மாட்டேன். மட்டையைக் குடு, ஆளைக் குடு. அங்க கொட்டகை இருக்கு, ராட்டு இருக்கு, அங்க வந்து திரிக்கட்டும்."

"அது ஏன் மொதலாளி?"

"கயிறு போனா போனதுதான். ஆளு போனா ஊரு நினைப்புல திரும்பி வருவான், வயித்துப்பாட்டுக்கு மறுபடியும் போவான். கப்பலுக்கு எது லாபம்னு நீயே சொல்லு"ன்னு சிரிச்சான்.

முதல் கப்பல் வந்துச்சு, மட்டையை ஏத்திச்சு, ஆளையும் ஏத்திச்சு. பக்கத்து வீட்டுப் பேச்சியோட மகன் போனான். ரெண்டாம் கப்பல் வந்துச்சு, மட்டையை ஏத்திச்சு, ஆளையும் ஏத்திச்சு. இசக்கி போனான். மூணு வருஷம் ஓடிச்சு. மூணாம் கப்பல்ல பொம்பளைங்களும் வரணும்னு பூதலிங்கம் சொல்லிவிட்டான். பிள்ளைங்களுக்கு மட்டும் கப்பல்ல இடமில்லியாம்.

ஆவுடை கன்னியோட தலையைக் கோதிக்கிட்டே யோசிச்சா. போனா மக தனியா நிப்பா. போகாட்டி ரெண்டு பேரும் பட்டினி.

மூணாம் கப்பல் வந்தப்போ, அந்தக் கொட்டகைக்குச் சொந்தக்காரரான தீவு வணிகரும் அதுல வந்தாரு. அவரு ஊர்க்காரங்களோட பேசிட்டா பொழப்பு போயிரும்னு பூதலிங்கத்துக்குப் பயம். முன்கூட்டியே ஆள்விட்டு, "பிள்ளை பிடிக்கிறவன் வாரான், கதவைச் சாத்துங்க"ன்னு ஊருக்குள்ள சொல்லியாச்சு. வணிகர்கிட்ட, "அங்க இப்போ யாரும் கயிறு திரிக்கிறதே இல்ல சாமி"ன்னான்.

வணிகர் முதல் தெருவுல நடந்தாரு, கதவு சாத்தியிருக்கு. ரெண்டாம் தெருவுல நடந்தாரு, கதவு சாத்தியிருக்கு. மூணாம் தெருவுல கன்னி ராட்டைச் சுத்திக்கிட்டு இருக்கா, ஆவுடையும் பேச்சியும் பின்னால நடந்துக்கிட்டு இருக்காங்க. எடுத்த கயிறை முடிக்காம அவங்க எப்படி ஒளிவாங்க?

கன்னி பார்த்துட்டா. "யம்மா! யம்மா!"

"கயிறு முடியட்டும்ட்டி."

"யம்மா, பின்னால!"

"முடியட்டுங்கேன்!"

ஆவுடை பின்னால நடந்து நேரா போய் வணிகர் மேலயே இடிச்சா. தலைப்பாகை ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். மண்ணுல உக்காந்தபடியே அவரு கேட்டாரு: "ஏட்டி, முதுகுல இன்னும் கண்ணு முளைக்கலியா?"

ஆவுடை சட்டுன்னு திரும்பிப் பார்த்தா. நாரை மட்டும் விடல. "இது எங்க வீட்டுக்காரரு பேச்சுல்லா! உமக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"இசக்கிதான். நான் அவனுக்குக் கூலி குடுக்கேன், அவன் எனக்குத் தமிழ் குடுக்கான்."

"திட்டுறதை நல்லாத்தான் படிச்சிருக்காரு"ன்னா பேச்சி.

வணிகர் எழுந்து அந்தக் கயிறை இழுத்தாரு, அறுபடல. காலை ஊனி இழுத்தாரு, அறுபடல. தொங்கிக்கூட பார்த்தாரு, அறுபடல. "அங்கேயும் இதே மட்டைதான், இதே ஊர்க் கைதான். ஆனா கயிறு அறுந்து அறுந்து போவுது. இசக்கி சொல்லுவான், எங்க காயல் தண்ணியில ஊறினாத்தான் நாருன்னு. நான் நம்பல."

ஆவுடை சொன்னா: "காயலை யாராலயும் தூக்கிட்டு வர முடியாது. உம்ம கொட்டகையைத் தூக்கிட்டு வாரும். கயிறு கப்பல்ல போவட்டும், நாங்க வீட்டுல இருக்கோம்."

வணிகர் யோசிச்சாரு. "சரி. நல்ல ராட்டு கொண்டாறேன், வேற கப்பலும் கொண்டாறேன்."

"இசக்கி?"

"வர விரும்புறவன் வரலாம். நாலு பேரு அங்க நிக்கணும். எந்தக் கயிறு நல்ல கயிறுன்னு எங்க ஊருக்கு யாராவது சொல்லணும்லா?"

அப்படியே நடந்துச்சு. இசக்கி வந்துட்டான். பேச்சி மகன் வரல. அங்கேயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு, துறைமுகத்துல நின்னு மட்டைக்கரைக் கயிறைத்தான் வாங்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தான். பேச்சி ஒவ்வொரு கயிறா தடவிப் பார்த்துத்தான் கப்பல்ல ஏத்துவா. "எம் மவன் கைக்குப் போறது"ம்பா.

பூதலிங்கமா? அவன் கப்பலுக்கு ஆள் இல்ல. அவன் நங்கூரத்துல கட்டியிருந்தது அந்தத் தீவுக் கொட்டகைக் கயிறு. ஒரு காத்துல அறுந்து, கப்பல் மணல்திட்டுல ஏறி உக்காந்திருச்சு. இழுக்கக் கயிறு வேணும்னு ஆவுடை வாசல்ல வந்து நின்னான்.

"தாரோம். உமக்கு வேண்டியதை நீரே திரிச்சுக்கிடும்"னா ஆவுடை. கன்னி ராட்டைச் சுத்த, அவன் நாரைக் கட்டிக்கிட்டுப் பின்னால நடந்தான். முதல் தடவை முறுக்கு பிரிஞ்சிருச்சு. ரெண்டாம் தடவையும் பிரிஞ்சிருச்சு. மூணாம் தடவை கயிறு வந்துச்சு, ஆனா மட்டை ஊறுற குழிக்குள்ள தொப்புன்னு விழுந்தான். அந்த நாத்தம் ஏழு நாள் போகல. அப்புறம் யார் கயிறு குடுத்தாலும் வாயைத் திறக்காம ஏத்திக்கிட்டான்.

கயிறு கரை சேந்தாச்சு, கதைக்கு முடிச்சுப் போட்டாச்சு.

நான் அப்புறம் ஒரு தடவை கயிறு திரிக்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த ஒரு விஷயம் நிஜம்தான். அவங்க பின்னால பின்னால போயிக்கிட்டே இருக்காங்க, முகம் மட்டும் கிளம்பின இடத்தைப் பார்த்தே இருக்கு. போகப் போகத்தான் கயிறு நீளுது.