ஆலாக்கள் எழுந்த தீவு

உப்பளத் தொழிலாளர் சங்கம் நடத்திய பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் சிங்கராயர். சங்கத்தின் பேச்சாளர்களையும் அவர்தான் உருவாக்கினார். அவரிடம் மேடைப்பேச்சுக் கற்ற சேர்மதுரை, அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்தான்.

ஆலா என்னும் கடற்பறவைகள் மணல் தீவில் கூடும் பருவம் அது. உப்புப் பாத்தி வரப்பைத் தாண்டி எதையும் கண்டிராத பிள்ளைகள், தங்கள் கடலின் பறவைகளையாவது பார்க்கட்டும் என்று சிங்கராயர் வகுப்பைப் படகில் ஏற்றினார். சேர்மதுரையும் ஏறிக்கொண்டான்.

வழியெல்லாம் அவன் மறுநாளைப் பற்றியே பேசினான். விடிந்ததும் ஒருவரும் அளத்தில் இறங்கக்கூடாது, அத்தனை பேரையும் வெளியே அழைக்கப்போகிறேன், நீங்கள் சரி என்றால் போதும் என்றான். சனத்தின் குடிசைகள் அளத்து முதலாளியின் நிலத்தில் இருக்கின்றன, அன்றைக்கே பிரித்துப் போடுவான், பிள்ளைகளை எங்கே வைப்பாய் என்று சிங்கராயர் கேட்டார்.

"முதலில் சனம் எழட்டும் அய்யா. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."



தீவை நெருங்கியதும், யாரும் இறங்க வேண்டாம், படகிலிருந்தே பாருங்கள் என்றார் சிங்கராயர். மணல் முழுக்க வெள்ளையாகப் பறவைகள் அமர்ந்திருந்தன. இதுகள் பறக்கவே பறக்காதா என்று பேச்சி என்ற சிறுமி கேட்டாள்.

சேர்மதுரை சிரித்தான். "இதுகளுக்கும் அடங்கியிருக்கத்தான் சொல்லித் தருகிறீர்களா அய்யா?"

தண்ணீரில் குதித்துக் கரையேறினான். சிங்கராயர் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. ஓங்கிக் கை தட்டினான்.

தீவே எழுந்ததுபோல் இருந்தது. ஆயிரம் சிறகுகள் வெயிலை மறைத்தன. பிள்ளைகள் கூச்சலிட்டபடி இறங்கி அவனிடம் ஓடினார்கள். சேர்மதுரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் அத்தனை பெருமை.

பேச்சிதான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"சார், காலை எடுத்து வைக்காதீங்க."

மணல் நிறத்திலேயே முட்டைகள். நடுவே, நடக்கத் தெரியாத குஞ்சுகள். சுட்ட மணலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அதற்குள் காகங்கள் வந்துவிட்டன. ஒன்று அவன் காலடியிலேயே இறங்கி, ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு போனது.

பிள்ளைகளின் சத்தம் நின்றது.

சேர்மதுரை கைகளை வீசிக் காகங்களை விரட்டினான். அவன் வீச வீச, ஆலாக்கள் இன்னும் மேலே போயின. காகங்கள் போகவில்லை. அவன் கைகள் பாதியில் நின்றுவிட்டன.

சிங்கராயர் இறங்கி வந்தார். வந்த தடத்திலேயே கால் வைத்து நடக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் படகில் ஏற்றினார். சேர்மதுரை கடைசியாக ஏறினான்.

படகு விலகியது. ஆலாக்கள் இன்னும் வானத்தில் கத்திக்கொண்டு சுற்றின. பேச்சி சிங்கராயரின் கையைப் பிடித்தாள்.

"அம்மா திரும்பி வர்ற வரைக்கும் குஞ்சுகளை யாரு சார் பாத்துக்குவா?"

"உங்க சாரைக் கேளு பிள்ள," என்றார் சிங்கராயர். "எழுப்பினது அவர்தான்."