தளவாய் தின்ற கறி

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு அரசருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. இறங்கும்போது அந்தக் காய்ச்சல் அவருடைய நாக்கின் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"ஒரு மண்டலத்துக்கு ஊன் வேண்டாம் மகாராஜா. மீன், முட்டை வேண்டாம். பால், தயிர், நெய், தேன்கூட வேண்டாம். மண்ணில் முளைத்ததை மட்டும் உண்ணுங்கள்."

இரண்டு நாள் அரசர் கீரையையும் சுரைக்காயையும் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இலைமுன் உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. தான் இங்கே கீரையை மென்றுகொண்டிருக்க, சபையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய் ஆட்டுத்தொடையைக் கடிக்கிறார்களோ? அன்று மாலையே ஆணை பிறந்தது: மண்டலம் முடியும்வரை சபையோர் அனைவரும் அரசர் உண்பதையே உண்ணவேண்டும். எவர் நாவில் எக்காரணத்தால் இறைச்சி பட்டாலும் அவர் குடும்பத்தோடு நாடு கடத்தப்படுவார்.

ஆணை போட்டதும் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை, வளர்ந்தது. தினமும் காலையில் சபையோர் வரிசையாக நின்று கையை நீட்டவேண்டும். அரசர் ஒவ்வொரு கையாக முகர்ந்து பார்ப்பார். புளி தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தவரிடம், "எதை மறைக்க இவ்வளவு புளி?" என்பார். கழுவாமல் வந்தவரிடம், "நேற்று என்ன தின்றீர், கழுவக்கூட மனம் வரவில்லையா?" என்பார். சபையோரும் ஒருவர் வயிற்றை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்தார்கள்.

அந்த வயிறுகளில் ஒன்றுமட்டும் வாடவே இல்லை. அது அரசவை விகடகவி சாத்தப்பனுடையது.

சாத்தப்பன் ஏமாற்றவில்லை. அவன் மனைவி செங்கமலத்தின் கைப்பக்குவம் அப்படி. வாழைப்பூவை ஆய்ந்து வடை தட்டுவாள். கொள்ளை வறுத்து ரசம் வைப்பாள். எள்ளைத் துவையலாக அரைத்துச் சூடான சோற்றில் பிசைந்து கொடுத்தால் நெய்யின் நினைப்பே வராது. தேங்காய்ப்பாலில் கருப்பட்டி கரைத்து ஆப்பத்துக்கு ஊற்றினாள் என்றால் சாத்தப்பன் பசுவையே மறந்துவிடுவான்.

தளவாய் கடம்பராயரால் இதைத் தாங்க முடியவில்லை. படை நடத்தும் தன்னைவிட, சிரிக்கவைத்துப் பிழைக்கும் ஒருவனை அரசர் அருகில் உட்காரவைப்பதே அவருக்கு வெகுநாள் எரிச்சல். முப்பதாம் நாள் நண்பகலில் அவர் அரசரின் காதருகே குனிந்தார்.

"மகாராஜா, எல்லாரும் துரும்பாக இளைத்திருக்கிறோம். சாத்தப்பன் கன்னத்தைப் பார்த்தீர்களா? இந்நேரம் அவன் வீட்டுப் பக்கம் போனால் உண்மை தானே மணக்கும்."

அரசர் அப்போதே எழுந்தார்.

தெருமுனையிலேயே மணம் எதிர்கொண்டது. மல்லியும் மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த மசாலா, நல்லெண்ணெயில் வதங்கும் சின்ன வெங்காயம். அரசர் விடுவிடுவென்று அடுக்களைக்குள் நுழைந்து சட்டியின் மூடியைத் தூக்கினார். கறுத்த குழம்பில், நார்நாராகப் பிரியும் துண்டுகள் கொதித்துக்கொண்டிருந்தன.

"ஆட்டுக்கறி!" என்றார் அரசர்.

"பலாக்காய், மகாராஜா" என்றான் சாத்தப்பன். "பிஞ்சிலே பறித்துத் துண்டுபோட்டு வேகவைத்தால் இப்படித்தான் நார் விடும்."

"வெட்டின தோலைக் காட்டு!" என்றார் தளவாய்.

"அதைக் காலையிலயே பசு தின்னுட்டுதுங்க" என்றாள் செங்கமலம்.

"பார்த்தீர்களா மகாராஜா? சாட்சியைப் பசு தின்றுவிட்டதாம்."

"தாங்களே ஒரு துண்டு சுவைத்துப் பாருங்கள்" என்று சாத்தப்பன் அரசரிடம் கரண்டியை நீட்டினான்.

அரசர் கரண்டியையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். "காய்ச்சலுக்குப் பிறகு என் நாக்கை நானே நம்புவதில்லை. உன்னை எப்படி நம்புவது? சட்டியைச் சபைக்குத் தூக்குங்கள். இது என்ன என்று தளவாய் பார்த்துச் சொல்லட்டும். இறைச்சி என்றால் சூரியன் மறைவதற்குள் நீ எல்லையைத் தாண்டவேண்டும்."

சாத்தப்பனுக்கு நாடு கடத்துவார்களே என்ற பயம் ஒரு பக்கம். பதினெட்டு வருஷம் பக்கத்தில் உட்காரவைத்த மனுஷர் தன்னையும் மற்றவர்களைப் பார்ப்பதுபோலவே பார்த்துவிட்டாரே என்பது இன்னொரு பக்கம். தளவாய் என்ன சொல்வார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பலாக்காய் என்று தெரிந்தாலும் இறைச்சி என்றுதான் சொல்வார். அவர் பேச்சை மறுத்துப் பேச அந்தச் சபையில் ஆள் கிடையாது.

இரண்டு காவலர்கள் சட்டியைக் காவடிபோலத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சாத்தப்பன் வாசலில் நின்று அரசர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக மனதுக்குள் உருட்டினான். பிறகு திரும்பி, "செங்கமலம், சோறு வடிச்சாச்சா? ஒரு தலைவாழை இலையும் எடு" என்றான்.

"ஊரை விட்டே விரட்டப் போறாங்க, உங்களுக்கு இப்பச் சோறு கேக்குதா?"

"எனக்கில்ல, தளவாய்க்கு. பாவம், முப்பது நாளா நல்ல சாப்பாடு சாப்பிடல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பானையோடு கொடுத்தாள்.

சபை கூடியது. சாத்தப்பன் தளவாய்முன் இலையைப் போட்டு, ஆவி பறக்கும் சோற்றை இட்டு, குழம்பை ஊற்றினான். தளவாய் ஒரு கவளம் வாயில் வைத்தார். பல் பட்டதுமே பலாக்காய் என்று தெரிந்துவிட்டது. ஆணையை மீறவில்லை என்ற நிம்மதியில் இன்னொரு கவளம் உருட்டினார். பிறகு இன்னொன்று. முப்பது நாள் பசி அவரை எழவிடவில்லை. சாத்தப்பன் கேட்காமலே மூன்றாம் முறையும் ஊற்றினான். கடைசியில் விரலை வழித்து நக்கிவிட்டுத் தளவாய் எழுந்தார்.

"மகாராஜா, சந்தேகமே வேண்டாம். இது கறிதான்."

"தளவாய் அவர்களே, காய்கறியும் கறிதானே?" என்று பணிவாகக் கேட்டான் சாத்தப்பன். "பின்னால் குழப்பம் வரக்கூடாது. எந்தக் கறி என்று சபையறியச் சொல்லிவிடுங்கள்."

"ஆட்டுக்கறி!"

"வெள்ளாடா, செம்மறியா?"

"வெள்ளாடு. இளங்கிடா. போதுமா?"

"நிச்சயமாகத் தெரியுமா?"

"முதல் கவளத்திலேயே தெரிந்துகொண்டேன்!" என்று மார்தட்டினார் தளவாய்.

சாத்தப்பன் அரசர் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "மகாராஜா, நான் புறப்படுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். வழித்துணைக்குத் தளவாயையும் அவர் குடும்பத்தையும் கூடவே அனுப்பிவையுங்கள். எவர் நாவில் எக்காரணத்தால் இறைச்சி பட்டாலும் நாடு கடத்தல் என்பது தங்கள் ஆணை. முதல் கவளத்திலேயே இளங்கிடா என்று தெரிந்தும், தங்கள் கண்ணெதிரே மூன்று முறை வாங்கித் தின்றிருக்கிறார்."

சபையோர் தளவாயின் இலையை எட்டிப் பார்த்தார்கள்.

"மகாராஜா சொல்லித்தானே தின்றேன்!" என்று பதறினார் தளவாய்.

"மகாராஜா பார்த்துச் சொல்லத்தான் சொன்னார். தின்று சொல்லச் சொல்லவில்லையே. நான் இலை போட்டேன் என்பது உண்மை. ஆனால் உங்கள் கையைப் பிடித்து ஊட்டவில்லை."

அரசர் சிம்மாசனத்திலிருந்து முன்னால் சாய்ந்தார். "தளவாய், நன்றாக யோசித்துச் சொல்லும். நீர் தின்றது என்ன?"

தளவாய்க்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. இறைச்சி என்றால் தானும் போகவேண்டும். இல்லையென்றால் இவ்வளவு நேரம் சொன்னது பொய்.

"ப... பலாக்காய், மகாராஜா."

"வெள்ளாட்டுப் பலாவா, செம்மறிப் பலாவா?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். முதலில் ஒருவர் வாயைப் பொத்தினார், பிறகு சபையே வெடித்தது. அரசருக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தபடியே இறங்கி வந்து, சட்டியில் மிஞ்சியிருந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது.

"சாத்தப்பா, உறைக்கிறதே! மிளகு தெரிகிறதே!"

"அப்படியென்றால் காய்ச்சல் இன்றைக்குத்தான் முழுதாக விட்டிருக்கிறது, மகாராஜா."

அரசர் அவனை ஓரமாக இழுத்துப் போனார். யாருக்கும் கேட்காத குரலில், "உன்னையும் சந்தேகப்பட்டுவிட்டேன். ஏன் தெரியுமா? ஆணை போட்ட அன்று இரவே நானே மடைப்பள்ளியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு கரண்டி நெய்யைக் குடித்துவிட்டேன். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் திருடனாகவே தெரிந்தது" என்றார்.

சாத்தப்பன் சுற்றும்முற்றும் பார்த்தான். "மகாராஜா, ஆணையில் சபையோர் என்றுதான் இருக்கிறது. அரசர் சபையோரில் சேர்த்தியா என்று நாம் இப்போது யாரிடமும் கேட்கவேண்டாம்."

அரசர் மறுபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, "இது சமைத்தவளுக்கு" என்று சாத்தப்பன் கையில் வைத்தார். ஆற்றங்கரைப் பலாத்தோப்பை அவன் பேருக்கே எழுதிக்கொடுத்தார். தளவாயின் பதவியைப் பறிக்கவில்லை. மண்டலத்தில் மிச்சமிருந்த பதினெட்டு நாளும் அரண்மனைப் பந்திக்கு அவரே பலாக்காய் வெட்டவேண்டும் என்றார். அதுவும் கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவாமல்.

பலாப்பால் பிசின் லேசில் விடுவதா? அதன்பிறகு பலநாள்வரை தளவாய் அரசருக்கு வணக்கம் சொல்லக் கைகூப்பினால், கூப்பின கையைப் பிரிக்க இரண்டு காவலர்கள் வேண்டியிருந்தது.