மூன்றாவது எழுத்து

"உயிருள்ளதுன்னு சொன்னேன், தப்புன்னாங்க. அடுத்த வருஷம் உயிரற்றதுன்னு சொன்னேன், அதுவும் தப்புன்னாங்க. அப்ப வைரஸ் என்னதானுங்க மேடம்?"

கேட்டவர் மகுடபதி. வயது ஐம்பத்திரண்டு. வாழை நோய் ஆய்வகத்தில் இருபது வருடமாகக் குடுவை கழுவுகிறவர். தபால் வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவர். ஆய்வக உதவியாளர் வேலைக்கு நாளை மூன்றாவது நேர்காணல். விதிப்படி அதுதான் கடைசி.

அவருக்குப் பாடம் சொல்லித் தந்தவர் ஆராய்ச்சியாளர் ஜெனோவா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"உங்களுக்கு என்ன தோணுது அண்ணே?"

"வெளிய இருந்தா உப்பு மாதிரி படிகமாகி பாட்டில்ல சும்மா கிடக்குது. திங்கறதில்ல, மூச்சு விடறதில்ல. இலைக்குள்ள போயிட்டா ஒண்ணு ஆயிரமாகுது. எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தெரியலீங்க."

ஜெனோவா மேசையிலிருந்த ஒரு குடுவையை எடுத்தார். அதன்மேல் மகுடபதியின் கையெழுத்து: இலைச் சாறு.

"மூணாவது எழுத்தை வாசிங்க."

"ச்."

"அதுல உயிர் இருக்கா?"

"இல்லீங்க. மெய்யெழுத்து."

"அப்ப செத்த எழுத்தா?"

மகுடபதி சிரித்தார். "எழுத்து எங்கயாச்சும் சாகுமுங்களா? உயிர் வந்து சேரணும், அவ்வளவுதான்."

ஜெனோவா கட்டைவிரலை ஈரமாக்கி, புள்ளியை மட்டும் அழித்தார்.

"இப்போ?"

"ச. உயிர்மெய்யுங்க..." என்ற மகுடபதி குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புள்ளியைத் திரும்ப வச்சிருங்கண்ணே. லேபிள் தப்பாயிரும்," என்று சொல்லிவிட்டு ஜெனோவா போய்விட்டார்.

மறுநாள் தேர்வாளர் கேட்டார்.

"வைரஸின் மேலுறை எதனால் ஆனது?"

"புரதமுங்க."

"உள்ளே?"

"டி.என்.ஏ., இல்லைன்னா ஆர்.என்.ஏ. ரெண்டும் சேர்ந்து இருக்காதுங்க."

"வகை பிரிக்க முதலில் எதைப் பார்ப்பீர்கள்?"

"உள்ளே இருக்கிறதைத்தான். சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்லக் கூடாதுங்க."

தேர்வாளர் அவருடைய காக்கிச் சட்டையை ஒருமுறை பார்த்தார்.

"சரி. போன தடவை கேட்டதுதான். உயிருள்ளதா, உயிரற்றதா?"

மகுடபதி எழுந்து கரும்பலகைக்குப் போனார்.

"ஒரு சாக்பீஸ் கொடுங்க," என்றார். "அழிக்க ஒண்ணும் வேண்டாமுங்க. விரல் போதும்."