தவளைக்குப் பிடித்த அறை

ஓடைக்கரையில், ஒரு கற்றாழைப் புதருக்கு அடியில், கருவாலன் என்ற பெருச்சாளி வளை தோண்டி வைத்திருந்தது. மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. மேலறையில் கருவாலன் படுக்கும். கீழறையில் நெற்கதிர் அடுக்கியிருக்கும். அந்தக் கரையில் வேறு யார் வளையிலும் கீழறை கிடையாது. அதில் கருவாலனுக்கு அவ்வளவு பெருமை!

கருவாலனின் தங்கை பெயர் தவிட்டி. தவிட்டியின் புருஷனை ஆந்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. போக வேறு இடம் இல்லாமல் அது மூன்று குட்டிகளோடு அண்ணன் வளைக்கு வந்தது.

"கீழறையில நெல்லுக்குப் பக்கத்துல இடம் கிடக்கு. படுத்துக்கோ" என்றது கருவாலன்.

கெட்ட மனசு இல்லை. ஆனால் "நான் கொடுத்த இடம்" என்று அடிக்கடி சொல்லிக் காட்டும். தவிட்டி கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்.

பெருச்சாளிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி வெளியே சுற்றும். விடிந்ததும் உள்ளே வந்து, மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துவிட்டுத்தான் தூங்கும். பகலில் சாரைப்பாம்பு அலையும் அல்லவா? வாசல் திறந்திருந்தால் அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஓடை பெருகிக் கரையில் ஏறியது. கீழறைக்குள் தண்ணீர் புகுந்தது. தவிட்டி ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி மேலே கொண்டுவந்தது. கடைக்குட்டி பொடுசைத் தூக்கும்போது தண்ணீர் அதன் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மழை நின்றது. ஓடை இறங்கியது. கீழறைத் தண்ணீரும் வடிந்தது. அண்ணனும் தங்கையும் இறங்கிப் பார்த்தன. தரையெல்லாம் சேறு. வைக்கோல் ஊறிக் கிடந்தது. நெற்கதிரும் ஊறிக் கிடந்தது. சுவரில் காலை வைத்தால் கால் உள்ளே போனது.

"எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போடுவோம்ணே!" என்றது தவிட்டி. "வைக்கோல் இனிமே ஆகாது. நெல்லை வெயில்ல பரத்துவோம். கரைக்கு அந்தப் பக்கமா இன்னொரு வாசல் வெட்டினா, காத்து இப்படி நுழைஞ்சு அப்படிப் போகும். அறை காஞ்சிரும்."

"பகல்லயா?"

"வெயில் பின்ன எப்ப அடிக்கும்?"

"பகல்ல வாசலைத் திறந்து போடுறதா! உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சாரை வந்தா வாலைக் காட்டி வான்னு கூப்பிடுறதா?"

"மாறி மாறி முழிச்சிருந்து பார்த்துக்கலாம்ணே."

"நம்ம ஜாதியில எந்தப் பெருச்சாளியும் பகல்ல வாசலைத் திறந்து வச்சதில்ல!"

"எந்தப் பெருச்சாளியும் ஓடை மட்டத்துக்குக் கீழ அறை தோண்டினதும் இல்ல."

கருவாலனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஓடை வறண்டு கிடந்த கோடையில் தோண்டிய அறை அது. "இவ்வளவு ஆழம் வேண்டாம்" என்று கரையில் எல்லா எலிகளும் சொல்லின. கருவாலன் கேட்கவில்லை. இப்போது ஊறிய நெல்லை வெளியே பரப்பினால் என்ன ஆகும்? கரையே கூடி நின்று சிரிக்கும். பாம்புப் பயம் பாதிதான். மீதி வெட்கம். ஆனால் அது பாம்பை மட்டும்தான் சொன்னது.

அந்த நேரம் பார்த்து, தத்தித் தத்தி உள்ளே வந்தது ஒரு சொறித்தவளை. பெயர் தொந்தியப்பன்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுல தண்ணி புகுந்துச்சாமே! எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

கருவாலனுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய யோசனை என்று நினைத்துக்கொண்டது. "நீ தண்ணியிலயே பொறந்து வளர்ந்தவன். ஈரத்தைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீ சொல்லு. இந்த அறை எப்படி இருக்கு?"

தொந்தியப்பன் சேற்றில் வயிற்றை வைத்து உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டது. ஆகா என்று பெருமூச்சு விட்டது.

"அருமை அண்ணாச்சி! ஒரு குறையும் இல்ல!"

"சுவர் சொதசொதங்குதே?" என்றது தவிட்டி.

"மேல புது மண்ணு பூசினா சரியாப் போயிரும், தங்கச்சி. தரையில காஞ்ச வைக்கோலைப் பரப்புங்க. நெல்லு மேல புதுக்கதிரைப் போட்டு மூடுங்க. வாசலை மட்டும் நல்லா அடைச்சு வைக்கணும். காத்து உள்ள வரவே கூடாது. காத்து ரொம்பக் கெட்டது!"

"கேட்டியா?" என்றது கருவாலன். "வெவரம் தெரிஞ்சவன் சொல்றான்!"

"எனக்குக் கூலி எதுவும் வேண்டாம் அண்ணாச்சி. இந்த மூலையில கொஞ்சம் இடம் கொடுத்தாப் போதும்" என்றது தொந்தியப்பன்.

அப்படியே செய்தன. கருவாலன் புது மண் பூசி வயிற்றால் தேய்த்தது. சுவர் பளபளத்தது. வைக்கோல் போட்டதும் அறை பழையபடி ஆனது போலவே இருந்தது. பார்க்கத்தான் அப்படி. தவிட்டி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கீழே போனது. தன் வீடு இல்லையே! எவ்வளவுதான் எதிர்த்துப் பேச முடியும்?

கொஞ்ச நாளில் ஒரு வாடை வந்தது. புளித்த வாடை. தவிட்டி நெல் குவியலுக்குள் காலை விட்டுப் பார்த்தது. உள்ளே சுட்டது. அடியில் நெல் முளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. பகலில் படுத்தால் சுவரிலிருந்து வேர்த்து முதுகில் சொட்டியது.

பொடுசு இரும ஆரம்பித்தது.

தவிட்டி மேலறைக்கு ஏறியது. "அண்ணே, அறை காயவே இல்ல. பொடுசுக்கு மூச்சு இழுக்குது."

"மழைக்காலம்னா இருமல் வரத்தான் செய்யும். எனக்கு எந்த வாடையும் தெரியலையே! நல்லாத்தானே இருக்கு?"

"நீ மேல படுத்திருக்க."

"அதனால?"

"அதனாலதான் உனக்கு நல்லா இருக்கு."

"இருக்க இடம் கொடுத்தா இப்படித்தான் பேசுவியா?" என்றது கருவாலன்.

தவிட்டி இறங்கியது. கீழே மூலையில் தொந்தியப்பன் மட்டும் இல்லை. அதன் மச்சான் இருந்தது. மச்சானின் மாமியார் இருந்தது. இன்னும் யார் யாரோ ஈர வைக்கோலுக்குள் புதைந்து சொகுசாகக் கிடந்தார்கள்.

"வா தங்கச்சி!" என்றது தொந்தியப்பன். "இந்தக் கரையில இந்த மாதிரி இடம் கிடைக்காது. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லி அனுப்பிட்டேன்."

தவிட்டி அந்தக் கூட்டத்தையே பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது. "இந்த அறை நல்லாக் காஞ்சிருச்சுன்னு வை. அப்பவும் இங்க இருப்பியா?"

"காஞ்சாலா!" தொந்தியப்பன் பதறிப்போனது. "காஞ்ச இடத்துல எந்தத் தவளையாவது இருக்குமா? தோலு வெடிச்சுச் செத்துருவோம்! அப்படி எல்லாம் பேசாத தங்கச்சி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அதற்கு உறைத்தது. சட்டென்று வைக்கோலுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

தவிட்டி மறுபடியும் மேலே ஓடியது. "அண்ணே, நீ யார்கிட்டப் போயி யோசனை கேட்ட? ஈரம் இருந்தாத்தான் அது உயிரோட இருக்கும். அது எப்படிக் காய வைக்கச் சொல்லும்? இப்பவாவது வாசலைத் திற!"

விடிந்துகொண்டிருந்தது. கருவாலன் வாசலுக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாயங்காலம் பேசிக்கலாம். தூக்கம் வருது."

"அப்ப பொடுசை மட்டுமாவது உன் அறையில படுக்க வச்சுக்கிறேன்."

"ராத்திரி பூரா அலைஞ்சிட்டு வந்திருக்கேன். அது லொக்கு லொக்குன்னு இருமினா நான் எப்படித் தூங்குறது? நாளைக்குப் பார்ப்போம். போ."

வாசல் அடைபட்டது.

அன்று பகல் முழுக்கப் பொடுசின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. தவிட்டி அதைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அண்ணன் வாயிலிருந்து சரி என்று ஒரு வார்த்தை வரவில்லையே என்றுதான் அது உட்கார்ந்திருந்தது. அடைத்த வாசலை அதுவே இடித்திருக்கலாம். பிறகு வாழ்நாள் பூராவும் அதை நினைத்தது.

சாயங்காலம் விசில் சத்தம் நின்றது.

கருவாலன் எழுந்து சோம்பல் முறித்தது. கீழே சத்தமே இல்லை. "இருமல் நின்னுடுச்சு பார்த்தியா? நான் சொன்னேன்ல!" என்று சொல்லிக்கொண்டே இறங்கியது.

தவிட்டி கொஞ்சம் நகர்ந்து வழி மட்டும் விட்டது.

கருவாலன் பொடுசைப் பார்த்தது. மூக்கால் தொட்டது. மறுபடியும் தொட்டது. சுவரில் சாய்ந்தது. அது தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பூச்சு அப்படியே பெயர்ந்து விழுந்தது. பின்னால் சுவர் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது. தரையிலிருந்து கூரை வரை.

"பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு" என்றது கருவாலன்.



பொடுசைக் கற்றாழைப் புதரின் மேட்டுப் பக்கத்தில், தண்ணீர் ஏறாத இடத்தில் புதைத்தன. குழியைக் கருவாலன்தான் தோண்டியது. ஆழம் எவ்வளவு என்று இந்தத் தடவை தங்கையைக் கேட்டது.

அன்று ராத்திரி கருவாலன் இரை தேடப் போகவில்லை. கரைக்கு அந்தப் பக்கமாக இன்னொரு வாசல் வெட்டியது. விடிந்தது. வாசலை அடைக்கும் நேரம் வந்தது. கருவாலன் அடைக்கவில்லை. இரண்டு வாசலும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது.

"ஐயோ, காத்து!" என்று தொந்தியப்பன் அலறியது. "அண்ணாச்சி, மூடுங்க! வடகிழக்குச் சனி மூலையிலேர்ந்து அடிக்குது!"

கருவாலன் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. தவளைகள் மச்சான், மாமியாரோடு ஓடைக்குப் போய்ச் சேர்ந்தன. யாரும் விரட்டவில்லை. காற்று வந்ததே போதுமானதாக இருந்தது.

அண்ணனும் தங்கையும் வைக்கோலை இழுத்து எறிந்தன. அழுகிய நெல்லை ஓடையில் தள்ளின. வருஷம் முழுக்கச் சேர்த்த சாப்பாடு அது. பூசணம் பிடித்த மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, கெட்டி மண் தெரியும் வரை வெளியே கொட்டின. வாசலுக்கு முன்னால் கறுப்பாக ஒரு குவியல் நின்றது. இனி எதை மறைப்பது?

விடிந்தும் தூங்கப் போகாமல் கரை எலிகள் வேடிக்கை பார்க்க வந்தன.

"என்ன கருவாலா! கீழறை கீழறைன்னு குதிச்சியே, எப்படி இருக்கு?" என்று ஒன்று கேட்டது. மற்றவை சிரித்தன.

"தண்ணி புகுந்துச்சு" என்றது கருவாலன். "காய வைக்காம மூடி வச்சேன். இப்பதான் காய வைக்கிறேன்."

"மூணு குட்டி இருந்துச்சே! இன்னொண்ணு எங்க?"

கருவாலன் மேட்டுப் பக்கம் பார்த்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கேட்ட எலி குனிந்து, அந்தக் கறுப்பு மண்ணைத் தூரத் தள்ள ஆரம்பித்தது.

உச்சி வெயிலில் சாரைப்பாம்பு வந்தது.

"என்ன பெருச்சாளி, வாசலைத் திறந்து வச்சு விருந்துக்குக் கூப்பிடுறியா?"

"வா" என்றது கருவாலன். முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. வாசல் முழுக்க அதன் உடம்புதான் இருந்தது. "தலையை உள்ள விடு. பல்லு எனக்கும் இருக்கு."

பாம்பு நாக்கை நீட்டி யோசித்தது. "எனக்குத் தூங்குற எலிதான் தோது. நாளைக்கு வரேன்."

"நாளைக்கும் முழிச்சுத்தான் இருப்பேன்."

சொன்னபடி முழித்திருந்தது. கண் சிவந்தது. உடம்பு மெலிந்தது. தவிட்டி மாற்றிவிட வந்தால்தான் கொஞ்சம் கண்ணை மூடியது. அதுவும் மேலறையில் இல்லை. மேலறையைத் தவிட்டிக்கும் குட்டிகளுக்கும் கொடுத்துவிட்டு, கீழே வெறுந்தரையில் படுத்தது. சுவர் இன்னும் ஈரமா என்று முதுகை வைத்துத்தான் பார்த்தது.

மார்கழிப் பனியும் போனது. ஒரு நாள் குட்டிகள் இரண்டும் கீழே எட்டிப் பார்த்தன.

"மாமா, அறை காஞ்சிருச்சா?"

காஞ்சிருச்சு என்று சொல்ல வாயெடுத்தது கருவாலன். சொல்லவில்லை.

"உங்கம்மாவைக் கேளுங்க" என்றது.

தவிட்டி இறங்கி வந்தது. சுவரைக் கீறியது. பொடிப்பொடியாகப் புழுதி உதிர்ந்தது. மோந்து பார்த்தது. தரையைக் கீறியது. மூலையில், பொடுசு படுத்திருந்த இடத்தில், காலை ரொம்ப நேரம் வைத்திருந்தது.

"காஞ்சிருச்சு" என்றது.

ஈரத்தை மேலே பூசி மூடினால் அது காய்ந்துவிடாது. ஓர் இடம் நன்றாக இருக்கிறதா என்று அங்கே படுக்கிறவரைத்தான் கேட்க வேண்டும், அந்த ஈரத்தில் பிழைக்கிறவரை அல்ல.