அரசாங்கம் மேயப் போன கதை

தும்பக்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். எதற்காகச் சொன்னது என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

புதிதாக மாற்றலாகி வந்த பாசன அதிகாரி கரையில் கூட்டம் போட்டார். "இனிமே இந்தக் கண்மாய் அரசாங்கத்துக்கும் ஊருக்கும் பொது. மடையில கை வச்சா ரெண்டு பேரும் சேர்ந்துதான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் பைக்கில் போய்விட்டார்.

மழை ஏமாற்றியது. கதிர் வெளிவராமல் பொதியில் இருந்த சென்றாயனின் நெல் வாடத் தொடங்கியது. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது; மடைப்பலகையைத் தூக்கினால் வயலுக்கு வந்துவிடும். பலகையில் இரண்டு கயிறு, ஊருக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று. ஒன்றைச் சென்றாயன் பிடித்துக்கொண்டு நின்றான். அரசாங்கத்தின் கயிறு சும்மா தொங்கியது.

"அதிகாரி வெளியூர் போயிருக்காராம்" என்றான் சென்றாயன். "பயிர் செத்துரும் மாமா."

ஊர்த்தலைவர் பேச்சியப்பன் யோசித்தார். "நம்ம ஊர்ல வேற அரசாங்கம் எதுவும் இல்லையா?"

"டவுன் பஸ் இருக்கு."

"அது கரை ஏறாதேப்பா."

"எங்க ஆடு அரசாங்கம் குடுத்ததுதான்" என்றாள் வெள்ளத்தாய். "காதுல வில்லைகூட அவுகதான் குத்துனாக."

"அப்ப அதோட குட்டி?"

"குட்டி இங்கன பொறந்தது. அது ஊர்க்காரன்."

நியாயம்தான் என்று தலைகள் ஆடின. ஆட்டுக்கு மாலை போட்டு அழைத்துவந்தார்கள். அரசாங்கக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, எதிரே அகத்திக்கீரையைக் காட்டினார்கள். ஆடு ஒரு பக்கம், சென்றாயன் ஒரு பக்கம் இழுக்க, பலகை எழுந்தது. தண்ணீர் பாய்ந்தது. சென்றாயன் ஆட்டைக் கும்பிட்டான். பலகைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஆட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் வயல் நிறைந்துவிட்டது. பலகையை இறக்க வேண்டும். ஆட்டைக் காணவில்லை. கரட்டுப்பக்கம் மேயப் போயிருந்தது. தேடிப் போனவர்களும் திரும்பவில்லை. வயலில் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. சென்றாயன் தன் கயிற்றை விடாமல் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் பைக் வந்தது.

"ஏன்யா, பயிர் முங்குது. பலகையை இறக்காம வேடிக்கை பாக்குறீங்களா?" என்று அவர் இன்னொரு கயிற்றுக்குக் கை நீட்டினார்.

சென்றாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணிவாகக் குறுக்கே நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க அய்யா. நீங்க இந்த ஊருக்கு வந்தது போன மாசம். அவங்க வந்து மூணு வருசமாச்சு. பெரியவங்க இருக்கும்போது நீங்க கை வைக்கிறது முறையில்ல. மேஞ்சிட்டு வந்துருவாங்க, அப்படி ஓரமா உக்காருங்க."