பேய்க்கட்டை

தூத்துக்குடிப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடையில் முன்பு பழைய பெட்டி ஒன்று இருந்தது. அதைப் போலத் தலைக்கனம் பிடித்த பெட்டி அந்தக் கடையில் வேறு இல்லை.

அதில் ஓடியது ஒரே ஒரு விளையாட்டு. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று கட்டைகள் மேலிருந்து விழும். ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் அவை மறையும். சேர்க்கத் தவறினால் குவிந்து உச்சியைத் தொடும், ஆட்டம் முடிந்துவிடும். மொத்தம் எட்டுக் கட்டம். நாலாம் கட்டத்தைத் தாண்டியவர் யாரும் இல்லை.

காரணம் ரொம்ப அற்பமானது. பெட்டிக்குள் நீல நிறத்துக்கான கம்பி என்றைக்கோ விட்டுப்போயிருந்தது. அதனால் நீலக் கட்டைகள் கறுப்புத் திரையில் கறுப்பாகவே விழுந்தன. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அவற்றின் மேல் விழுந்த சிவப்பும் மஞ்சளும் அந்தரத்தில் நின்றன.

ஆடியவர்கள் பெட்டியைச் சந்தேகப்பட்டார்களா? அதுதான் இல்லை. கண்ணுக்குத் தெரியாததற்குப் பேய்க்கட்டை என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டைச் செய்தவனின் மூளையே மூளை என்று மெச்சினார்கள். உப்புக் கம்பெனி சூப்பர்வைசர் கிளாட்வின், பதினோரு வருடம் தோற்றுத் தோற்று நாலாம் கட்டம் வரை போனவன். பேய்க்கட்டை எப்போது வரும், எங்கே நிற்கும் என்று பாடம் நடத்துவான். நாலு பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். எப்போதாவது மூன்று நீலம் தற்செயலாகச் சேர்ந்து மறைந்தால், "பேய் எரங்கிட்டு" என்று நெஞ்சைத் தொட்டுக்கொள்வான்.

நீலத்துக்கு அழுகையாக வந்தது.

"உனக்குள் ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது," என்று அது பெட்டியிடம் கெஞ்சியது. "யாரிடமாவது காட்டேன். என்னை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் திட்டட்டும்."

"வாயை மூடு," என்றது பெட்டி. "பக்கத்துப் பெட்டிகளிடம் எல்லோரும் ஜெயிக்கிறார்கள். அவற்றை யார் மதிக்கிறார்கள்? என்னிடம் தோற்பதற்குத் திருச்செந்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். நான் கடினமானவன்."

"நீ கடினமானவன் இல்லை. பழுதானவன்."

பெட்டி அதைக் காதில் வாங்கவே இல்லை.

ஒரு நாள் காலையில் திரை ஆட ஆரம்பித்தது. கடைக்காரர் அருளானந்தம், டி.வி. பழுதுபார்க்கும் பிரகாசியைக் கூப்பிட்டார். அவள் பின்பலகையைக் கழற்றித் திரையின் நடுக்கத்தைச் சரிசெய்தாள். கூடவே விட்டுப்போய்க் கிடந்த கம்பியையும் ஈயம் வைத்து ஒட்டினாள்.

பெட்டி ஓடியது. நீலம் விழுந்தது, நீலமாகவே.

"எவ்ளோ நல்ல நீலம்லா இது!" என்றாள் பிரகாசி.

இத்தனை வருடத்தில் நீலம் தன்னைப் பற்றிக் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. சந்தோஷத்தில் அதற்கு விழவே மனசில்லை.

சரிபார்ப்பதற்காக அவள் ஒரு தடவை விளையாடினாள். ஜென்மத்தில் அதைத் தொட்டதில்லை. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் அஞ்சாம் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கிளாட்வின் தன் சீடர்களோடு உள்ளே வந்தான்.

"யக்கா, என்ன பண்ணி வச்சிருக்கிய?"

"நீலக் கம்பி கழண்டு கெடந்துச்சு, ஒட்டிட்டேன். ஏன் தம்பி, இம்புட்டு வருசமா நீலமே இல்லாமயா வெளாண்டிய?"

சீடர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் அவளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஊகித்தே பழகிய கை, கண் முன்னால் நின்ற நீலத்தை நம்பவில்லை. இரண்டாம் கட்டத்திலேயே தோற்றான்.

ஒரு சீடன் களுக்கென்று சிரித்தான். கிளாட்வின் பிடியை உதறிவிட்டு எழுந்தான்.

"ஆட்டத்தக் கெடுத்துட்டிய! இதுல என்ன இருக்கு? கண்ணு இருக்கவன் எவனும் ஜெயிச்சிருவான். பழையபடி ஆக்குங்க!"

"என் அருமை தெரிந்தவன் இவன் ஒருவன்தான்," என்று பெட்டி உருகியது.

அருளானந்தம் தலையைச் சொறிந்தார். "இவன் வரலன்னா கூட்டமே வராதும்மா. கழட்டி விட்டுரு."

"ஒட்டத்தான் அண்ணாச்சி நான் படிச்சது. பிய்க்கணும்னா அவியளே பிய்ச்சுக்கிடட்டும்." சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு பிரகாசி போய்விட்டாள்.

கிளாட்வின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

"வேண்டாம்! நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?" என்று நீலம் கதறியது.

திரை அணைந்தது. இன்னும் மூடாமல் கிடந்த பின்பக்கத்தில் அவன் கையை விட்டு, புதிதாக ஒட்டிய கம்பியைப் பிய்த்தான். மறுபடி போட்டபோது கட்டைகள் பழையபடி அந்தரத்தில் நின்றன. சீடர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள், சிரித்தவனும்தான்.

மறுநாள் ஏரலிலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "கட்டைக்கு அடியில என்னமோ இருக்க மாதிரில்லா தெரியுது. பெட்டி ரிப்பேரோ?" என்று கேட்டார்.

கிளாட்வின் ஏளனமாகச் சிரித்தான். "அது வெளங்கணும்னா இன்னும் பதினோரு வருசம் தோக்கணும்."

வந்தவர் வெட்கப்பட்டு, விளையாடும் பிடியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கண்களுக்கு நேரே நீலம் விழுந்துகொண்டிருந்தது.