மூச்சு முட்டாத பிள்ளையார்

முன்னொரு காலத்தில், காகம்கூட எச்சில் இலைக்கு முறை வைத்துக் காத்திருந்த பஞ்சத்தில், முள்ளங்காடு என்றோர் ஊர் இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரு ராஜாவும் உண்டு. இந்தக் கதைக்கு அவர் தேவையில்லை, வழக்கத்துக்குச் சொல்லியாயிற்று.

அந்த ஊரில் மூன்று வருஷம் மழையில்லை. சடையாண்டி என்ற குடியானவன் வீட்டில் மிஞ்சியது மூன்று: மனைவி நல்லக்காள், ஒரு மண்வெட்டி, பானையில் ஒரு படி விதைக் கேழ்வரகு. மண்வெட்டி பேசாது. நல்லக்காள் அளந்துதான் பேசுவாள். கேழ்வரகுதான் "கூழாக்கு, கூழாக்கு" என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ஊர் கூடிப் பழைய வழக்கம் ஒன்றைக் கையில் எடுத்தது. பிள்ளையார் கோயில் கருவறையிலிருந்து தண்ணீர் வெளியேறும் தூம்பை வைக்கோலாலும் களிமண்ணாலும் அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்புவது. தலை மூழ்கினால் பிள்ளையாருக்கு மூச்சு முட்டும். மழையை அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஊரில் முப்பத்தொரு வீடு. ஆற்று ஊற்றிலிருந்து வீட்டுக்குத் தினம் ஒரு குடம், நாற்பத்தெட்டு நாள்.

ஒன்பதாம் நாள் தண்ணீர் பிள்ளையாரின் தொப்புளைத் தொட்டது. அதற்குமேல் ஏறவில்லை.

"குடித்துவிடுகிறாரோ?" என்றான் சடையாண்டி.

"அந்த வயிற்றைப் பார்த்த பிறகுமா கேட்கிறாய்?" என்றார் நாட்டாமை.

சடையாண்டி வீட்டுக்கு வந்து விதைப்பானையைத் தூக்கினான். "அடியே, இன்றைக்குக் கூழ்தான்!"

"இன்னும் ஒரு குடம் ஊற்றிவிட்டு வாங்க மாமா. அப்புறம் பார்க்கலாம்."

போய் ஊற்றினான். திரும்பி வருவதற்குள் கோபமும் களைத்துவிட்டது. வேகவைத்த புளியங்கொட்டையைத் தின்றுவிட்டுப் படுத்தான்.

இருபதாம் நாள் நாட்டாமை உட்படப் பத்து வீட்டார் விலகிக்கொண்டார்கள். சடையாண்டி மறுபடி பானையைத் தூக்கினான். மறுபடி, "இன்னும் ஒரு குடம், மாமா." மறுபடி புளியங்கொட்டை.

நாற்பதாம் நாள் சடையாண்டி ஒருவன்தான் மிச்சம். தண்ணீர் பிள்ளையாரின் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது.

"சடையா, அவருக்கு மூச்சு முட்டவில்லை. உனக்குத்தான் முட்டுகிறது!" என்று நாட்டாமை கைகொட்டிச் சிரித்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை, பொறுக்கமாட்டாமல் விதைப்பானைக்குள் கையை விட்டான். பானை காலி.

"அடி பாவி! தனியாகவா தின்றாய்?"

"இன்னும் ஒரே ஒரு குடம், மாமா. ஊற்றிவிட்டு வாங்க, சொல்கிறேன்."

அழுதுகொண்டே ஊற்றினான். வெளியே வந்தவனை நல்லக்காள் கோயிலின் பின்புறம் அழைத்துப் போனாள். முள்வேலிக்குள் இரண்டு பாய் அகலத்துக்குப் பச்சைப்பசேலென்று கேழ்வரகு நாற்று!

"நாட்டாமை வீட்டு வெள்ளாடு தூம்பிலிருந்த வைக்கோலைப் பிடுங்கித் தின்றுவிட்டது. ஊற்றின தண்ணீரெல்லாம் இங்கேதான் கசிந்தது. இருபத்தேழாம் நாள் பார்த்தேன், விதைத்தேன். இன்றைக்கு நாற்றுக்கு வயது இருபத்தொன்று."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் ஓட்டையை அடைத்திருப்பீங்க. பிள்ளையார் மழை தருவார் என்று நம்புகிறோம். தருகிற அன்றைக்கு நட நாற்று வேண்டாமா?"

மூன்றாம் நாள் மழை கொட்டியது. ஊரில் மற்ற முப்பது வீட்டிலும் விதையெல்லாம் எப்போதோ கூழாகிவிட்டிருந்தது. முப்பது பேரும் சடையாண்டியின் வாசலில் வந்து நின்றார்கள்.

"நாற்றுக்கு விலையில்லை," என்றான் சடையாண்டி. "ஊற்றாமல் விட்ட குடங்களைப் பிள்ளையாருக்கு ஊற்றிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்."

நாட்டாமை விட்டது இருபத்தொன்பது குடம். கொட்டுகிற மழையில், ஒரு கையில் ஓலைக்குடையும் இடுப்பில் குடமுமாக, இருபத்தொன்பது நடை நடந்தார். அவர் வீட்டு வெள்ளாடு மட்டும் நனையாமல் கோயில் திண்ணையில் படுத்து அசைபோட்டது. அது தன் பங்கை முன்பே செய்து முடித்திருந்தது.

ஆகவே, கஷ்ட காலத்தில் கடவுளை நம்பிப் பொறுத்திருப்பவர்கள், நல்ல காலத்துக்கு வேண்டிய வேலையையும் செய்துகொண்டே பொறுத்திருக்க வேண்டும்.